எறும்பு மொய்த்த கட்டை

"அண்ணாச்சி, இந்த பஸ்ஸுல ஆளு ஏறியாச்சு. ஆனா ஒருத்தனும் டிக்கெட்டு எடுக்கல்ல."

குரல் பஸ்ஸுக்குள்ளிருந்து வந்தது. யேசுரத்தினம் குடையை மடக்காமலே படியில் ஒரு காலை வைத்து எட்டிப் பார்த்தார். அவருடைய உதவியாளன் தாணுலிங்கம் பின்வரிசை சீட்டுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு கிடந்தான். அவன் விரல் காட்டிய இடத்தில் ஒரு மரக்கட்டை. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். ஒரு பக்கம் மட்டும் சாய்வாகச் செதுக்கியிருந்தது. மேல்பக்கத்தில் வட்டமாக ஒரு கறுத்த பிசுக்கு. அந்த வட்டத்தில் இடம் பிடிக்க எறும்புகள் முண்டியடித்துக்கொண்டிருந்தன.

"கட்டையை எறும்பு தின்னுமா ஓய்?"

"அதைத் தின்னுகது கரையான். எறும்புக்கு நம்மள மாதிரி நாக்கு உண்டு அண்ணாச்சி." தாணுலிங்கம் பிசுக்கில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தான். "கருப்பட்டி. நல்ல சரக்கு."

"கொலைக் கேசு சாட்சியை நக்கித் தின்ன முதல் ஆள் நீராத்தான் இருக்கும்."

யேசுரத்தினம் கட்டையைப் புரட்டச் சொன்னார். அடிப்பக்கம் பஸ்ஸின் தரையில் தேங்கிய மழைநீரில் ஊறிப்போயிருந்தது. செம்மண் மட்டும் ஒரு பொட்டுக்கூட இல்லை. பிறகு அவர் முன்பக்கம் போய் டிரைவர் சீட்டைப் பார்த்தார். கை பிரேக் கம்பியைப் பிடித்து இழுத்தார். அது எந்தப் பிடிமானமும் இல்லாமல் முன்னும் பின்னும் ஆடியது.

"அது அத்துப்போய் ரெண்டு மாசமாச்சாம் சார்," என்றார் ஸ்டேஷன் வராந்தாவில் நின்ற சப் இன்ஸ்பெக்டர் மரியஜான். யேசுரத்தினம் போலீஸ் வேலையை உதறிவிட்டு வக்கீல்களுக்குத் துப்புத் துலக்கும் தொழிலுக்கு வருவதற்கு முன்னால், மரியஜான் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். பழைய சல்யூட் கையில் இன்னும் மிச்சமிருந்தது. "முட்டத்துல பறிமுதல் பண்ணினோம். பஸ் மொதலாளியே இங்க ஓட்டிட்டு வந்தாரு. வழியில எங்கயும் நிறுத்தல்ல. நாளைக்கு மாஜிஸ்திரேட்டு முன்னால குற்றப்பத்திரிகை வைக்கேன். கொலைன்னு."

நாளைக்கு. யேசுரத்தினம் வானத்தைப் பார்த்தார். ஐப்பசி மழை விடுவதாக இல்லை. கோட்டாற்றுக் கடைத்தெருவில் வெள்ளம் முழங்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கேஸ் எளிமையானது. கோட்டாற்றிலிருந்து முட்டத்துக்குப் போகும் பஸ், கடலோரச் செம்மணல் தேரி ஏற்றத்தில் ஒரு மாட்டுவண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. ஹாரன் அடித்தும் வண்டி ஒதுங்கவில்லை. ஏற்றத்தின் நடுவில் பஸ் நின்றது, வண்டியும் நின்றது. வாய்ச் சண்டை. பஸ் ஸ்டார்ட் பண்ணும் இரும்பு ஹாண்டிலால் வண்டிக்காரன் கிருஷ்ணமணியின் தலையில் அடி விழுந்தது. வண்டியை ஓரத்துக்கு விரட்டிவிட்டு பஸ் போய்விட்டது. பின்னால் வந்தவர்கள் பார்த்தபோது காளைகள் விட்ட இடத்திலேயே நின்றன. அவன் செத்துக் கிடந்தான்.

அடித்தது நான்தான் என்று டிரைவர் ஜான்ரோஸ் அன்று மாலையே ஒப்புக்கொண்டுவிட்டான்.

பஸ் மொதலாளி முத்துநாயகம் அன்று டிரைவருக்குப் பக்கத்து சீட்டில்தான் இருந்தார். கிளீனருக்குக் காய்ச்சல் என்பதால் டிக்கெட் கிழிக்க அவரே வந்திருந்தார். யேசுரத்தினத்தை அமர்த்தியதும் அவர்தான். "திடீர்னு வந்த சண்டை, ஆத்திரத்துல கை நீண்டுபோச்சு. இதை நீங்க நிரூபிச்சா போதும் இன்ஸ்பெக்டரே. எனக்க டிரைவர் தூக்குக் கயித்துக்குப் போகப்பிடாது," என்று கண் கலங்கச் சொல்லியிருந்தார். இப்போதும் ஸ்டேஷன் வராந்தா பெஞ்சில், கோட்டுக்கு மேல் நேரியதுத் துண்டைப் போர்த்திக்கொண்டு, கைதிக்குக் கொண்டுவந்த சோற்றுப் பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஸ்டேஷன் வாசலில் ஜான்ரோஸின் மனைவி சத்தியபாய் நின்றாள். முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஐயா, மூணு வருசம்னு மொதலாளி சொன்னாரு. மூணு வருசம்னா எப்படியும் தாங்கிரலாம்னு மனசைக் கெட்டி வச்சிருந்தேன். இப்ப ஏட்டு சொல்லுகாரு, தூக்கு உண்டுன்னு."

"மூணு வருசம்னு மொதலாளி எப்ப சொன்னாரு?"

"அண்ணைக்கு சாயங்காலம். போலீசு வருகதுக்கு முன்ன."

"நீங்க இருக்கது எங்க?"

"அவருக்க விளையில, அவரு தந்த குடிசையிலயாக்கும். அவரு இருக்கச் சொன்னா இருக்கணும், போகச் சொன்னா போகணும்."

யேசுரத்தினம் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

ஜான்ரோஸ் லாக்கப் கம்பிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். பெரிய உடம்பு, சின்னக் குரல். கேட்ட கேள்விக்கெல்லாம் மனப்பாடம் செய்த பதில்தான் வந்தது.

"அவன் வழி விடல்ல. நான் இறங்கினேன். அடிச்சேன்."

"எத்தனை அடி?"

"ஒண்ணு."

"எங்க பட்டுது?"

"தலையில."

"தலையில எந்தப் பக்கம்?"

ஜான்ரோஸ் யோசித்தான். "முன்ன."

தாணுலிங்கம் காதைச் சொறிந்தான். "அண்ணாச்சி, இவரு அடிச்சாரா, இல்ல யாராவது சொல்லக் கேட்டாரா?"

யேசுரத்தினம் கம்பியருகே குனிந்தார். "நல்லா கேளு ஜான்ரோஸ். திடீர்னு ஒரு சண்டை, ஆத்திரத்துல ஒரு அடி, ஆளு செத்தான்னா அது கொலைக்கு ஒரு படி கீழ உள்ள குற்றம். உனக்குச் சொன்ன மூணு வருசக் கணக்கு அதுதான். ஆனா டாக்டர் ரெண்டு காயம் பாத்திருக்காரு. ஒண்ணு நெத்தியில. இன்னொண்ணு பின்மண்டையில, அவன் குப்புறக் கிடக்கும்போது பட்டது. விழுந்தவனை மறுபடி அடிச்சா சண்டை அங்கயே முடிஞ்சுபோச்சு. அதுக்குப் பொறவு நடந்ததுக்குப் பேரு கொலை. அதுக்குத்தான் கயிறு."

"ரெண்டா?" என்றான் ஜான்ரோஸ்.

அவன் யேசுரத்தினத்தைப் பார்க்கவில்லை. பார்வை அவர் தோளைத் தாண்டி வராந்தா பெஞ்சுக்குப் போனது. அங்கே முத்துநாயகத்தின் மேல் நின்றது. பிறகு தலை கவிழ்ந்தது.

"நான்தான் அடிச்சேன்," என்றான். முன்பு சொன்னதைவிடச் சின்னக் குரலில்.

வெளியே வந்ததும் யேசுரத்தினம் வேகமாக நடந்தார். குடை காற்றில் மடங்கியது, அவர் அதை நிமிர்த்தக்கூட நிற்கவில்லை.

"எங்க போறோம் அண்ணாச்சி? ஒரு சாயா குடிச்சுட்டு நனைஞ்சா கொஞ்சம் கௌரவமா இருக்கும்."

"கருப்பட்டி விக்கவங்க எங்க இருப்பாங்க?"

"சந்தையில. ஆனா கோட்டாறு சந்தையில நூறு பேரு விப்பாங்க. எறும்பைக் கூட்டிட்டுப் போயி அடையாளம் காட்டச் சொல்லவா?"

"முட்டத்துக்குக் கொண்டுபோய் விக்கவங்க ஒண்ணு ரெண்டு பேருதான் இருப்பாங்க."

ஒருத்திதான் இருந்தாள். பூங்கனி. சந்தைக் கூரையின் ஒழுகாத மூலை ஒன்றைக் கைப்பற்றி, ஓலைக் கடவப்பெட்டியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் சுருங்கியது.

"போலீசு அண்ணைக்கே கேட்டுதே. எல்லாருமா ஒண்ணுதான் சொன்னோம். மழை. ரெண்டு பக்கமும் படுதாவை இழுத்துக் கெட்டியிருந்தானுவ. முன்ன பலகை மறைவு. ஒண்ணும் தெரியல்ல. சத்தம்தான் கேட்டுது."

"என்ன சத்தம்?"

பூங்கனி தயங்கினாள். "சொன்னா சிரிப்பீரு."

"இவரு சிரிக்க மாட்டாரு, கல்யாணம் கெட்டின நாள்ல இருந்து சிரிச்சதில்ல," என்றான் தாணுலிங்கம். "எனக்கிட்ட சொல்லும்."

"மொதலாளி கத்துகாரு, மாட்டை ஒதுக்குலேன்னு. அந்த வண்டிக்காரன், அய்யாவழிக்காரன், யாருக்கு முன்னயும் தலைப்பாவை அவுக்காத ஆளு, அவன் சொல்லுகான், 'மொதலாளி, எனக்க காளை ஏத்தத்துல தானா நிக்கும். உமக்க பஸ்ஸு நிக்கணும்னா சக்கரத்துக்குக் கீழ கட்டை போடணும். பெறவு எதுக்குப் பெரிய வண்டிக்காரன்னு மீசையை முறுக்குகீரு'ன்னு." அவள் உதட்டைக் கடித்தாள். "நாங்க எல்லாரும் சிரிச்சுப்போட்டோம். பஸ்ஸே குலுங்கிச்சு. அந்தப் பிரேக்கு இல்லாத்த வண்டியில நாங்க படுக பாடு எங்களுக்குத்தானே தெரியும். சிரிப்பை நிறுத்த முடியல்ல. அப்பம் பஸ்ஸு கிளம்பிட்டு. வண்டிக்காரன் ஒதுங்கிட்டான்னு நினைச்சோம்."

"நின்னதும் இஞ்சினை நிறுத்தினாங்களா?"

"எதுக்கு நிறுத்துகான்? நிறுத்தினா திரும்ப எழும்பாது. மழையில எங்களத்தான் தள்ளச் சொல்லுவான். அது பாட்டுக்கு உறுமிட்டே நின்னுது."

"உங்க கடவம் எங்க இருந்துது?"

"எனக்க காலடியில. தரையெல்லாம் ஒழுகி வெள்ளம். கருப்பட்டியில ஈரம் பட்டா அம்புட்டும் பாகாப் போயிரும். அதனால சீட்டுக்கு அடியில கிடந்த கட்டையை இழுத்து, அதுக்க மேல கடவத்தை ஏத்தி வச்சு, ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டே இருந்தேன். அப்படியும் அடிக் கருப்பட்டி ஒண்ணு இளகிட்டு."

"கோட்டாறுல இருந்து முட்டம் வரைக்கும்?"

"இறங்குகது வரைக்கும்."

"நடுவுல யாராவது வந்து அந்தக் கட்டையை எடுத்தாங்களா?"

"எடுக்க விடுவேனா? ஒரு கடவம் சரக்கு ஐயா."

யேசுரத்தினம் குடையை மடக்கினார். கூரையை விட்டு மழையில் இறங்கி நடந்தார்.

"அண்ணாச்சி?" என்றான் தாணுலிங்கம். "மூஞ்சியைப் பாத்தா பயமா இருக்கு. ஏதாவது புரிஞ்சுதா, இல்ல சளி பிடிக்கப் போகுதா?"

"மரியஜான்கிட்ட போவும். பஸ்ஸு வேணும்னு சொல்லும். சம்பவம் நடந்த இடத்துல ஒருக்கா நடத்திப் பாக்கணும்னு. செத்தவனுக்க தம்பி அதே வண்டியையும் அதே காளையையும் ஏத்தத்துக்குக் கொண்டுவரட்டும். பஸ்ஸை ஓட்ட ஆளில்ல, மொதலாளிதான் உதவணும்னு மரியாதையா கேளும்."

"கட்டை?"

"அது உம்ம மடியில."

மதியம் தாண்டியதும் மழை கொஞ்சம் ஓய்ந்தது. முத்துநாயகம் தட்டாமல் வந்தார். டிரைவரைக் காப்பாற்ற எது வேண்டுமானாலும் செய்வேன் என்றார். பஸ்ஸை அவரே ஓட்டினார். மரியஜான் பக்கத்து சீட்டில். யேசுரத்தினமும் பூங்கனியும் பின்னால். தாணுலிங்கம் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, எறும்புகளை ஒவ்வொன்றாக ஊதித் தள்ளிக்கொண்டு வந்தான்.

தேரி ஏற்றம் வந்தது. இரண்டு பக்கமும் சிவந்த மணல் மேடு, பனைமரங்கள். தூரத்தில் முட்டத்துக் கலங்கரை விளக்கம். ஏற்றத்தின் நடுவில், ரோட்டை அடைத்துக்கொண்டு மாட்டுவண்டி நின்றது. செத்தவனின் தம்பி நுகத்தடியில் கை வைத்துக்கொண்டு பஸ்ஸையே பார்த்தபடி நின்றான்.

முத்துநாயகம் பிரேக்கை மிதித்தார். பஸ் குலுங்கி நின்றது. இஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

"இங்கதான்," என்றார்.

அவரைத் தவிர எல்லாரும் இறங்கினார்கள். யேசுரத்தினம் முன்னால் போய் வண்டிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"மொதலாளி, வண்டிக்காரன் எங்க நின்னான், ஜான்ரோஸ் எங்க நின்னு அடிச்சான், இறங்கி வந்து காட்டுங்க."

முத்துநாயகம் சீட்டிலிருந்து பாதி எழுந்தார். பிரேக்கில் அழுத்தம் குறைந்தது. பஸ் ஒரு முழம் பின்னால் வழுக்கியது. அவர் சட்டென்று உட்கார்ந்து காலை ஊன்றினார்.

"ஓய் தாணுலிங்கம்! அதைக் கையில வச்சுக் கொஞ்சிட்டு நிக்கீரே. கட்டையை சக்கரத்துக்குப் போடும்! போடாம நான் எப்படி இறங்குகது?"

தாணுலிங்கம் கட்டையை ரோட்டோரத்தில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

"அதைத்தான் நானும் கேக்கேன் மொதலாளி," என்றார் யேசுரத்தினம். "ஜான்ரோஸ் எப்படி இறங்கினான்?"

முத்துநாயகம் தலையை வெளியே நீட்டினார்.

"கட்டை போட்டுட்டுத்தான்…"

"கட்டை அண்ணைக்கு பஸ்ஸை விட்டு இறங்கவே இல்ல. அதுக்க மேல பூங்கனிக்க கருப்பட்டி இருந்துது. இளகின பாகு இன்னும் அதுல ஒட்டியிருக்கு. செம்மண் ஒட்டல்ல."

"அப்படின்னா கல்லை வச்சிருப்பான்."

"இது தேரி. இங்க கல்லு தேடினா முட்டம் பாறைக்குத்தான் போகணும். அப்படியே கல்லு கிடைச்சாலும், பிரேக்கில இருந்து காலை எடுக்காம டிரைவர் எப்படிப் போய் வைப்பான்? நீங்க சீட்டை விட்டு அசையவே இல்லன்னு உங்க வாக்குமூலத்துல இருக்கு."

"இஞ்சினை நிறுத்தி கியரில போட்டிருப்பான்!"

"இஞ்சினு நிக்கல்ல மொதலாளி," என்றாள் பூங்கனி. "நின்னிருந்தா நாங்க இறங்கித் தள்ளியிருப்போம்லா."

மரியஜான் மெல்ல நடந்து டிரைவர் பக்கம் வந்து நின்றார். முன்னால் வண்டி. பின்னால் சறுக்கு. முத்துநாயகத்தின் வலது தொடை, ஊன்றிய காலின் பாரத்தில் நடுங்க ஆரம்பித்திருந்தது.

"ஜான்ரோஸுக்க காலும் அண்ணைக்கு இப்படித்தான் நடுங்கியிருக்கும்," என்றார் யேசுரத்தினம். "காலை எடுத்தா பஸ்ஸு நிறைய ஆளோட கீழ போயிரும். அவனால அசைய முடியாது. முன்சீட்டுல அசைய முடிஞ்ச ஆளு ஒருத்தர்தான். ஹாண்டில் கிடக்கது உங்க காலுக்குக் கீழ. பொறவு சாயங்காலம் அவன்கிட்ட போயி, ஒரு அடிதான், மூணு வருசம்தான், உனக்க பெண்டாட்டி பிள்ளையளை எனக்க விளையில வச்சுப் பாத்துக்கிடுகேன்னு சொல்லியிருப்பீங்க. விழுந்து கிடந்தவனை பஸ்ஸுக்க மூக்கு மறைச்சுட்டு, ரெண்டாவது அடியை அவன் பாக்கல்ல. நீங்க அதை அவன்கிட்டயும் சொல்லல்ல, எனக்கிட்டயும் சொல்லல்ல."

முத்துநாயகம் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி வண்டியையும் காளைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். காளைகள் ஏற்றத்தில் அசையாமல் நின்றன.

"முதல் அடி ஆத்திரம்," என்றார் யேசுரத்தினம். "அதை நான் நம்புகேன். ஒரு அடியோட விட்டிருந்தா உங்களுக்கும் அந்த மூணு வருசக் கணக்கு கிடைச்சிருக்கும். குப்புற விழுந்து கிடந்தவனை எதுக்கு அடிச்சீங்க?"



"சிரிச்சான்," என்றார் முத்துநாயகம். குரல் அவருடையதாகவே இல்லை. "கீழ விழுந்த பெறவும் நிறுத்தல்ல. குப்புறக் கிடந்துட்டு சிரிச்சிட்டே இருந்தான். எனக்குக் கேட்டுது."

பூங்கனி சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"அவன் சிரிக்கல்ல ஐயா," என்றாள். "நாங்க. படுதாவுக்கு உள்ள இருந்து நாங்கதான் சிரிச்சோம்."

செத்தவனின் தம்பி நுகத்தடியிலிருந்து கையை எடுத்தான். ஒரு எட்டு முன்னால் வைத்தான். யேசுரத்தினம் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். அவன் நின்றான்.

"கட்டையைப் போடுங்க ஓய்," என்றார் முத்துநாயகம். இப்போது அது கெஞ்சல். "கால் தாங்கல்ல."

தாணுலிங்கம் யேசுரத்தினத்தைப் பார்த்தான். அவர் தலையசைத்ததும் எழுந்து போய்ப் பின் சக்கரத்தின் அடியில் கட்டையைத் திணித்தான். முத்துநாயகம் காலை எடுத்தார். பஸ் அரை விரற்கடை இறங்கி, கட்டையில் முட்டி நின்றது. மரியஜான் கதவைத் திறந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஜான்ரோஸ்?" என்று கேட்டார் மரியஜான், விலங்கைப் பூட்டிக்கொண்டே.

"பொய் வாக்குமூலம் கொடுத்ததுக்கு அவன் கோர்ட்டுல பதில் சொல்லணும். ஆனா அதுக்குக் கயிறு கிடையாது."

மழை மறுபடி தூற ஆரம்பித்தது. பஸ்ஸில் வந்த மற்ற நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓட்டத் தெரிந்த ஒரே ஆளின் கையில் விலங்கு.

"இப்ப பஸ்ஸை யாரு கோட்டாறுக்குக் கொண்டுபோறது?" என்றார் மரியஜான்.

தாணுலிங்கம் மாட்டுவண்டியில் ஏறி, செத்தவனின் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"நாங்க இதுல போறோம். நீங்க பஸ்ஸுக்குக் காவல் இருங்க சாரே. நல்ல டிரைவர் ஒருத்தன் உங்க லாக்கப்புலயே இருக்கான். போயி திறந்து கூட்டிட்டு வாறோம்."